பிரமுகர்களின் பேட்டியும் பொதுஜனங்களின் கணக்கும்

திண்டுக்கல் நகரில் மாலை வேளையில் பஸ் நிலையத்தை அடுத்த காபிக் கடைகளில் நுழைந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சுவரில் உயரமாய் மாட்டியுள்ள தொலைக்காட்சியில், முன்னாள் மந்திரி ஒருவரோ, பல தேர்தல்களைக் கண்ட தலைவர் ஒருவரோ வசதியான நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து தமது பொதுவாழ்வைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவர் பணிவுடன் தலையசைத்துக்கொண்டிருப்பார். பூட்டுப் பட்டறையில் வேலை முடித்து வந்தவரும், ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி போட்டுவிட்டு ஊர் திரும்பும் விவசாயியும், நிலக்கோட்டையில் பூ விற்றவரும் கையிலிருக்கும் காபி ஆறுவதையும் மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேட்டி முடியும். அப்பொழுது யாராவது ஒருவர், "எல்லாம் சொன்னார், அதை மட்டும் ஏன் கேட்காமல் விட்டார்கள்?" என்று சொல்லிக்கொண்டே காசு கொடுத்துவிட்டு வெளியே போவார்.

அவர் கேட்டுவிட்டுப் போகும் அந்தக் கேள்வியே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். பொதுவாழ்வில் முதிர்ந்தவர்கள் தொலைக்காட்சியில் தங்கள் சரித்திரத்தைக் கூறுவது நல்ல வழக்கம். அது வளர வேண்டும் என்பதே நமது விருப்பம். ஆனால் அது எதற்காக நடைபெறுகிறது என்பதை நடத்துகிறவர்களும் பேசுகிறவர்களும் பார்க்கிறவர்களும் மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நம் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்தவர், விழா முடிந்த பின் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். அவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சரி, ஐந்து ரூபாய் வரி கொடுத்த ஏழை எழுந்து, "பந்தல் செலவு இவ்வளவா?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டவன் மரியாதை தவறியவன் என்று யாரும் சொல்வதில்லை. பல லட்சம் ஜனங்களின் வாக்கையும் வரியையும் நம்பிக்கையையும் பெற்றுப் பதவி வகித்தவர் தமது முதுமையில் தரும் பேட்டியும் இத்தகைய கணக்கு வாசிப்பே என்பது நமது கட்சி. அதைப் பொன்னாடை போர்த்தும் வைபவமாக மாற்றிவிட்டால் நஷ்டம் ஜனங்களுக்கே.

*எழுதிய சரிதமும் கேட்ட சரிதமும்*

பெரியோர் தம் வாழ்க்கையைத் தாமே கூறும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தமது 'என் சரித்திர'த்தை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்தார். 1942-இல் அவர் காலமானபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் வெளிவந்தது. காந்தியடிகளின் 'சத்திய சோதனை' தமிழில் எத்தனையோ இல்லங்களில் இடம்பெற்றிருக்கிறது. இவை நம் பொதுவாழ்வுக்குக் கிடைத்த செல்வங்கள். காந்தியடிகள் தமது பிழைகளைத் தாமே முன்வந்து எழுதினார். அப்படி எழுதுவோர் உலகில் அரியர். மற்றவர்களோ எழுதும்போது தமக்கு வேண்டியதை விரிப்பார்கள், வேண்டாததை விட்டுவிடுவார்கள். அதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எழுதுகிறவர் எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இடைமறித்துக் கேட்பவரும் இல்லை.

பேட்டியின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதில் கேட்பவர் ஒருவர் உண்டு. அவர் ஜனங்களின் பிரதிநிதியாக அமர்ந்திருக்கிறார். தொலைக்காட்சிப் பேட்டியிலோ சொல்லோடு முகமும் தெரிகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள மௌனமும், சட்டென்று தாழும் கண்களும், வராத சிரிப்பை வரவழைக்கும் உதடுகளும் தெரிகின்றன. அச்சில் இவை ஏறுவதில்லை. ஆகவே, எழுத்து வாசனை இல்லாத ஒரு குடியானவரும் ஒரு பெரிய மனிதரின் உண்மையைத் தாமே எடைபோட்டுப் பார்ப்பதற்கு இது போன்ற சாதனம் முன்பு இருந்ததில்லை.

1931-இல் அமெரிக்கப் பேசும்படக் கம்பெனியார் குஜராத்தில் போர்ஸாத் என்னும் ஊரில் காந்தியடிகளைப் படம் பிடித்தனர். கேட்டவர் மீண்டும் சிறை செல்லத் தயாரா என்பது போன்ற நேரான கேள்விகளைக் கேட்டார். அடிகள் மிகச் சுருக்கமாக விடை கூறினார். தரையில் அமர்ந்து, அலங்காரம் எதுவுமின்றி, கேள்வியை ஒதுக்காமல் சொன்ன அந்தச் சில விடைகளை இன்று பார்க்கிற இளைஞனுக்கு, பல நூல்களைப் படித்தாலும் கிட்டாத ஒரு தெளிவு கிட்டுகிறது.

*காலம் கடந்து வந்த சாதனம்*

ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தச் சாதனம் வந்த காலத்தை எண்ணினால் நெஞ்சு வருந்துகிறது. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில் தொடங்கிற்று. பம்பாய்க்கு 1972-இல் வந்தது. சென்னை நிலையம் திறக்கப்பட்டது 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதியன்று. அதற்குள் யார் யார் மறைந்துவிட்டார்கள் என்று பாருங்கள். ராஜாஜி 1972 டிசம்பரில் காலமானார். பெரியார் 1973 டிசம்பரில் காலமானார். காமராஜர் அப்பொழுது உயிருடன் இருந்தார். சென்னை நிலையம் திறந்த 48-ஆம் நாள், அக்டோபர் 2-ஆம் தேதி, அவரும் மறைந்தார். அந்த 48 நாட்களும் நெருக்கடி நிலையின் தணிக்கைக் காலம். மனத்தில் உள்ளதைச் சொல்லத் தலைவர்களுக்கும் இடமில்லை. கேட்பதற்கு நிலையத்தாருக்கும் துணிவில்லை. இந்த மூவரையும் ஒருவர் பின் ஒருவராக அமரவைத்து, "நீங்கள் செய்ததில் எதை இன்று மாற்றிச் செய்வீர்கள்?" என்று தமிழில், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் கேட்டிருந்தால் நமக்கு எத்தகைய பொக்கிஷம் கிடைத்திருக்கும்! ஜவஹர்லால் நேரு அமெரிக்கப் பேட்டியாளர் ஆர்னால்ட் மைக்கேலிஸுக்குத் தந்த தொலைக்காட்சிப் பேட்டி 1964 மே மாதத்தில் வெளியாயிற்று. அதே மாதம் 27-ஆம் தேதி அவர் மறைந்தார். தளர்ந்த உடலோடு அவர் சுதந்திரத்தையும் பிரிவினையையும் பற்றிப் பேசுவதை இன்றும் காண முடிகிறது. நம் தமிழ்த் தலைவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

திண்டுக்கல் சமவெளியின் நிலையும் இதுவே. வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவா 1908-இல் சிதம்பரம் பிள்ளையோடு சிறை புகுந்து, அங்கே தொழுநோய் பற்றி, அந்த உடலோடு ஊர் ஊராய் நடந்து பிரசாரம் செய்து, 1925-இல் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். அவர் காலத்தில் நம் நாட்டில் பேசும்படமே கிடையாது. அவருடைய முழக்கத்தைக் கேட்டவர்களின் வர்ணனைதான் நமக்கு மிஞ்சியது. அது காலத்தின் குற்றம். யாரையும் நோக முடியாது. ஆனால் சாதனம் வந்த பிறகும் கேளாமல் விட்டதற்கு நாமே பொறுப்பாளிகள்.

மற்றோர் உதாரணம் பாருங்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய தேர்தல் ஒன்று இந்த மண்ணில் நடந்தது. 1973 மே 20-ஆம் தேதி நடைபெற்ற திண்டுக்கல் பார்லிமெண்ட் இடைத்தேர்தலே அது. கட்சி தோன்றி ஏழு மாதங்களே ஆகியிருந்த அண்ணா தி.மு.க.வின் அபேட்சகர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் 2,60,000-க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடத்துக்கு வந்தது. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போயிற்று. அப்பொழுது தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. அந்தத் தேர்தலில் வீதி வீதியாய் உழைத்தவர்கள், எதிர்த்து நின்றவர்கள், வாக்குச்சாவடியில் நின்ற தொண்டர்கள் ஆகியோரின் நினைவிலேயே அதன் முழுச் சரித்திரமும் தங்கியிருந்தது. மாயத்தேவர் பின்னாளில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அந்தச் சின்னத்தின் கதையைக் கூறியதுண்டு; 2022 ஆகஸ்டில் அவர் காலமானார். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான தொண்டர்களை, அவர்கள் எக்கட்சியினராயினும், யார் கேட்டார்கள்?

*முகம் மட்டும் போதுமா?*

தொலைக்காட்சி வந்துவிட்டதனால் மட்டும் கணக்கு வந்துவிடுவதில்லை. 1984 டிசம்பர்த் தேர்தலின்போது முதல் மந்திரி எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் நகர ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுவந்தார். அவர் உயிரோடு நலமாயிருக்கிறார் என்பதைக் காட்டும் வீடியோ படம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரையிடப்பட்டது. ஜனங்கள் கண்ணீர் மல்கப் பார்த்தார்கள். அவர் நேரில் வராமலே ஆண்டிபட்டியில் வெற்றி பெற்றார். ஜனங்களின் அன்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பிம்பத்தின் பலம் எவ்வளவு என்பதற்கே இதை எடுத்துக்காட்டினோம். முகத்தைக் கண்டாலே போதும் என்று ஜனங்கள் பழகிவிட்டால், அந்த முகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்து, திண்டுக்கல், மதுரைச் சமவெளி முழுவதற்கும் படம் எட்டலாயிற்று. 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. அதில் ரபி பெர்னார்ட் நடத்திய 'நேருக்கு நேர்' நிகழ்ச்சி, அரசியல்வாதியை எதிரில் அமர்த்திக் கேள்வி கேட்கலாம் என்பதைத் தமிழ் வீடுகளுக்குப் பழக்கியது. 2006 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாய் வழங்கிற்று. மேட்டுக் காட்டுக் குடிசைக்கும் படம் வந்தது. பார்ப்பவர் பெருகினர்; நிலையங்களும் பெருகின. ஆனால் கேள்வியின் தரம் அந்த விகிதத்தில் உயர்ந்ததா?

உயரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணங்கள் வெளிப்படை. தமிழில் பல நிலையங்கள் ஏதேனும் ஒரு கட்சியின் உடைமையாகவோ சார்பாகவோ இயங்குகின்றன. தம் கட்சித் தலைவரைத் தம் நிலையத்தில் பேட்டி காண்பவர் எப்படிக் கேட்பார்? "ஐயா, இவ்வளவு உழைப்புக்கிடையே உங்கள் உடல்நலத்தை எப்படிப் பேணுகிறீர்கள்?" என்று கேட்பார். எதிர்க்கட்சித் தலைவர் வந்தாலோ கேள்வி சாட்டையாகிவிடுகிறது. பதில் சொல்ல இடமே இல்லை. முன்னது துதி, பின்னது வசை. இரண்டிலும் கணக்கு வாசிக்கப்படவில்லை. இவை போதாதென்று, கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பி ஒப்புதல் பெறுவதும், சங்கடமான பகுதியை வெட்டிவிடுவதும் நடைபெறுமானால் அந்தப் பேட்டியை விளம்பரம் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

*பிற நாட்டார் செய்தது*

இங்கிலாந்தில் பி.பி.சி. நிலையத்தார் 1959 முதல் 1962 வரை 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்னும் நிகழ்ச்சியை நடத்தினர். கேள்வி கேட்டவர் ஜான் ஃப்ரீமன். அவர் தமது முகத்தைப் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. காமிரா வந்தவரின் முகத்திலேயே நிலைத்திருக்கும். தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், மனோதத்துவ அறிஞர் யூங், நீக்ரோக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் அதில் தோன்றினர். ஃப்ரீமன் குரலை உயர்த்தமாட்டார், புகழவும்மாட்டார். வந்தவருடைய வாழ்க்கையை நன்கு படித்துவிட்டு வந்து, சிறிய கேள்விகளை அமைதியாய்க் கேட்பார். பேட்டி காண்பவர் தம்மைக் காட்டிக்கொள்வதே நிகழ்ச்சி என்று எண்ணும் நம் நிலையத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்ஸன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டதால் கோர்ட்டு விசாரணை நடக்கவில்லை. 1977-இல் டேவிட் ஃப்ராஸ்ட் என்னும் பேட்டியாளர் அவரை 28 மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டுப் பதிவு செய்தார். முதல் பகுதியை 4½ கோடிப் பேர் பார்த்தனர். கோர்ட்டில் சொல்லாததை, அமெரிக்க ஜனங்களைத் தாம் கைவிட்டுவிட்டதாக, நிக்ஸன் அந்தப் பேட்டியில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவரை ஒப்புக்கொள்ள வைத்தது ஃப்ராஸ்டின் கோபமன்று. அவருடைய உதவியாளர்கள் மாதக்கணக்கில் தேடி எடுத்த ஆதாரங்களே. பேட்டிக்காக நிக்ஸனுக்கு ஆறு லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பொதுக் கணக்கைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் ஆதாரத்தோடு கேட்டால் அதிகாரத்தில் இருந்தவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பாடம் நமக்கு வேண்டும்.

*எந்த மொழியில்?*

இன்னொரு குறையும் உண்டு. அது தமிழர் எவரும் யோசிக்க வேண்டியது. காலஞ்சென்ற முதல் மந்திரி ஜெயலலிதா தமது வாழ்க்கையைப் பற்றி மனம் திறந்து பேசிய பேட்டி எது என்று கேட்டால், 1999-இல் சிமி கரேவால் கண்ட பேட்டியையே பலரும் சொல்வார்கள். படிக்க விரும்பிய பெண் சினிமாவுக்கு வந்த கதை, தாயின் நினைவு, தனிமை இவையெல்லாம் அதில் வந்தன. அவர் மிகக் கடுமையான கேள்விகளை எதிர்கொண்ட பேட்டி எது என்றால், 2004-இல் பி.பி.சி.க்காகக் கரண் தாப்பர் கண்டது. சோதிட நம்பிக்கை முதல் ஆட்சி முறை வரை கேள்வி எழுந்தது. முடிவில், தங்களோடு பேசியது மகிழ்ச்சியாயில்லை என்று சொல்லி அவர் எழுந்தார். இரண்டும் இங்கிலீஷில் நடந்தவை.

அவரை வாக்களித்து முதல் மந்திரியாக்கியவர்கள் தமிழ் ஜனங்கள். வேடசந்தூரிலும் நத்தத்திலும் ஆத்தூரிலும் வரிசையில் நின்று வாக்களித்த தாய்மார்களுக்கு அவருடைய மேடைப் பிரசங்கம் கிடைத்தது; அவருடைய கணக்கு அன்னிய மொழியில், அவர்கள் பார்க்காத நிலையத்தில் வாசிக்கப்பட்டது. இதற்கு அவர் ஒருவரையே குறை சொல்வது நியாயமன்று. அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்கத் தமிழ் நிலையத்தார் முன்வந்தார்களா? கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அதையாவது ஜனங்கள் அறிந்திருப்பார்கள். தலைவர் இங்கிலீஷில் மனம் திறப்பதும் தமிழில் முழக்கமிடுவதும் வழக்கமாகிவிட்டால், தமிழ் மேடைக்கு மட்டுமே ஆன மொழி, விசாரணைக்கு ஆகாத மொழி என்றாகிவிடும். இதைத் தமிழர் பொறுத்திருக்கலாகாது.

*நம் சமவெளியில் கேட்க வேண்டியவை*

பெரிய பதவி வகித்தவர்களே பேட்டிக்கு உரியவர்கள் என்ற எண்ணமும் திருந்த வேண்டும். சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் அதை நிறுவினார்கள். சௌந்தரம் அம்மையார் 1952-இல் ஆத்தூரிலிருந்தும் 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டசபைக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்; மத்திய கல்வித்துறைத் துணை மந்திரியாயிருந்தார்; 1984-இல் காலமானார். சென்னை நிலையம் திறந்த பின் ஒன்பது ஆண்டுகள் அவர் நம்மிடையே வாழ்ந்தார். வசதியான வீட்டில் பிறந்த ஒரு டாக்டர் எதற்காக இந்த வறண்ட மேட்டில் வந்து ஆஸ்பத்திரி அமைத்தார் என்பதை அவர் வாயாலேயே விரிவாகக் கேட்டுவைத்திருந்தால் நம் பெண்மக்களுக்கு அது எத்துணை ஊக்கமாயிருக்கும்!

இதே மாவட்டத்தில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். கணவர் ஜெகந்நாதனோடு பூதான இயக்கத்தில் ஊர் ஊராய் நடந்தார். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையான பின் தஞ்சைப் பகுதிக்கே சென்று தங்கினார். 1981-இல் 'லாப்டி' என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்களின் பெண்கள் பேரில் நிலம் பதிவாகச் செய்தார். 2008-இல் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசும், 2020-இல் பத்மபூஷண் விருதும் அவருக்குக் கிடைத்தன. அவரைக் குறித்து அன்னிய நாட்டார் படமெடுத்தார்கள். இத்தகையவரிடம், நிலச்சுவான்தார் எப்படிச் சம்மதித்தார், பாங்கியில் கடன் எப்படிக் கிடைத்தது, போலீஸ் எப்போது எதிர்த்தது, எங்கே தோற்றீர்கள் என்று தொழிற்கேள்விகளாய்க் கேட்டு வாங்கும் பேட்டிதான் இளம் ஊழியனுக்குப் பயிற்சி நூல். தியாகம் தியாகம் என்று நூறு முறை சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவது எளிது. அதனால் அடுத்த கிராமத்தில் ஒரு காணி நிலம்கூடக் கைமாறாது.

மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராயிருந்து 1941-இல் பரீட்சைக்கு முன் கைதான என்.சங்கரய்யா நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2023 நவம்பரில் மறைந்தார். அவர் பல பேட்டிகள் தந்தது நமது பாக்கியம். அந்தத் தலைமுறையில் பதிவின்றிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் ஏக்கமே மிஞ்சுகிறது.

பதவியில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டியவையும் இங்கே குறைவில்லை. திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்த கதை ஊரறிந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி அளித்த பிரசித்தி பெற்ற தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டத் தோல் ஷாப்புகளும் அடங்கியிருந்தன. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியை அது வலியுறுத்திற்று. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் இங்கிருந்து சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் போனவர்கள் பல கட்சியினர். தம் பொதுவாழ்வைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும், "கிணறு கெட்டபோது தாங்கள் என்ன செய்தீர்கள்? தொழிலாளியின் பிழைப்பும் உழவனின் நீரும் மோதியபோது யார் பக்கம் நின்றீர்கள்?" என்று கேட்க வேண்டாமா? குடகனாற்று நீர்ப் பங்கீடும் சின்னாளபட்டி நெசவாளர் நிலையும் அவ்வாறே கேட்கத் தக்கவை. இக்கேள்விகளில் வசை ஏதுமில்லை. நேர்மையாய் உழைத்தவருக்கு இவற்றைவிட நல்ல சந்தர்ப்பம் வேறெது? தம்மால் முடிந்ததையும், முடியாமல் தடுத்தவர் யார் என்பதையும் அவர் சொல்லலாமே!

*சிலர் சொல்லும் ஆட்சேபம்*

வயது முதிர்ந்தவரை மடக்கிக் கேட்பது தமிழ்ப் பண்பாகுமா என்று சில அன்பர்கள் ஆட்சேபிக்கிறார்கள். மரியாதை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயமில்லை. ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்தே எந்தக் கேள்வியையும் கேட்கலாம். கேள்வியே கேட்காமல் விடுவது மரியாதையாகாது. இவரிடம் உண்மையை எதிர்பார்க்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டவனே கேட்காமல் இருப்பான். மற்றொரு சாரார், முதுமையில் நினைவு பிசகும், நடந்தது வேறு சொல்வது வேறாகும் என்கிறார்கள். இது உண்மையே. அதனாலேயே பழைய பத்திரிகைகளையும் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்கிறோம். தேதியை எடுத்துக்காட்டினால் முதியவரின் நினைவும் தெளிவடையும், உண்மையும் நிலைபெறும்.

*காப்பாற்றி வைப்பது யார்?*

கேட்டதைப் பாதுகாப்பது அடுத்த கடமை. பி.பி.சி. போன்ற பெரிய நிலையமே 1960, 70-களில் நாடாவின் விலையைக் கருதிப் பல நிகழ்ச்சிகளை அழித்துவிட்டுப் பின்னர் வருந்தியது. இப்பொழுது எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்று சிலர் திருப்தி அடைகிறார்கள். அது அன்னியக் கம்பெனியின் கிடங்கு. நிலையம் மூடினாலும், உரிமையாளர் மனம் மாறினாலும், கட்சி மாறினாலும் ஒரே நாளில் பதிவு மறைந்துவிடலாம். இந்த நாட்டில் நிலவழி ஒளிபரப்பு செய்த தூர்தர்ஷன் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் ஓய்ந்துவிட்டன என்பதை நினைத்தால், சாதனங்கள் எவ்வளவு விரைவில் மாறுகின்றன என்பது விளங்கும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். பொதுவாழ்வில் இருந்தவர்களின் பேட்டிகள் தமிழில் நடைபெற வேண்டும். கேள்விகள் முன்கூட்டி ஒப்புதல் பெறலாகாது. ஒளிபரப்புவது அரைமணியானாலும், பதிவு செய்த முழுவதும் வெட்டாமல் ஒரு பொது நூலகத்திலோ சர்வகலாசாலையிலோ வைக்கப்பட வேண்டும். காந்திகிராமம் கிராமிய சர்வகலாசாலை இந்தச் சமவெளிக்கு அப்பணியை ஏற்பது மிகப் பொருத்தமாயிருக்கும். மந்திரிகளோடு நின்றுவிடாமல், பஞ்சாயத்துத் தலைவர், தொழிற்சங்க ஊழியர், பள்ளி ஆசிரியர், கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர் ஆகியோரையும் அழைக்க வேண்டும்.

நிலையத்தார் இதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு தொண்டரின் சட்டைப் பையிலும் இன்று ஒரு காமிரா இருக்கிறது. தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கே பெரும்பாலும் அது பயன்படுகிறது. தம் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பழைய ஊழியர் ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு அதே காமிராவோடு இரண்டு நாள் போய் அமரட்டும். முதலில் அவருடைய காலத்தைப் படித்துக்கொண்டு போகட்டும். எதிர்க்கட்சிக்காரர் என்று ஒதுக்காமல் கேட்கட்டும். வென்றதையும் கேட்கட்டும், தோற்றதையும், செய்யத் தவறியதையும் கேட்கட்டும். கேட்டதைத் திருத்தாமல் வைக்கட்டும். திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் நம் முதியவர்களின் நினைவைப் பூட்டியே வைத்திருந்து, ஒருநாள் திறப்பாரின்றி இழப்பது இவ்வூருக்குப் பெருமையாகாது.

காபிக் கடையில் அந்த மனிதர் எழுப்பிய கேள்விக்கு யாரேனும் விடை சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரேனும் அந்தக் கேள்வியை உரியவரிடம், அவர் உயிருடன் இருக்கும்போதே, கேட்டாக வேண்டும். அந்தப் பணியை இம்மாவட்டத்து ஊழியர்கள் இந்த மாதமே தொடங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.